ஈழத்தலரிக்குக் கீழே அக்கா

லண்டனிலிருந்து வந்திருந்த சின்னமாமாதான் எனக்கு அந்தக் கமராவைத் தந்தார். தந்ததோடு விட்டிருக்கலாம். கூடவே ஒரு கலண்டரையும் மேசையில் விரித்து வைத்தார். தாளுக்குத் தாள் ஏதோ ஒரு பூங்கா, ஏதோ ஒரு பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம், எல்லா இடமும் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள்.

"இதுதான் பிள்ளை ஸ்பிரிங். அங்க சனம் லீவு போட்டிட்டு கமராவோட திரியும். உங்கட வன்னியில என்ன இருக்கு? வெயில், மழை, நுளம்பு!"

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் வந்தது. "எங்களிட்டயும் வசந்தம் இருக்கு மாமா. படம் எடுத்து அனுப்பிறன், இருந்து பாருங்கோ" என்றேன். மாமா சிரித்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

எண்பதாம் ஆண்டை ஒட்டிய காலம் அது. அப்பா குடாநாட்டிலிருந்து வந்து ஸ்கந்தபுரத்தில் காணி எடுத்து நெல் செய்துகொண்டிருந்தார். எனக்கு முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. கிழமை நாட்களில் அங்கே ஒரு ரீச்சர் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன்.

முதல் பிலிம் றோலை வவுனியாப் பூங்காவில் முடித்தேன். போகன்வில்லா, கனகாம்பரம், செவ்வரத்தை என்று ஒன்றையும் விடவில்லை. காவல்காரர் தடியோடு ஓடி வந்தார். "பூப் பிடுங்கப்படாது!" "பிடுங்கேல்லை ஐயா, படம்தான் எடுக்கிறன்." அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆக்கள் எங்க? ஆக்கள் இல்லாமல் பூவுக்கு என்னத்துக்குப் படம்?" கழுவி வந்த படங்களைப் பார்த்தபோது மனுசன் கேட்டது சரியென்றே பட்டது. ஒரு பூவும் தெளிவில்லை. எல்லாம் கஞ்சிக்குள் விழுந்தது போலக் கிடந்தன. கமராவின் வளையத்தில் தூரத்தை அடிக்கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். நான் கண்மட்டத்தில் வைத்ததுதான் பிழை.

அந்தப் பிழையைத் திருத்தியவள் அக்கா. அவள் வீட்டில் தையல் மெசின் வைத்து ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவள். அறுவடை முடிந்து வேலை குறைந்த மாசி மாதத்தில், தனியாக இருக்கிறேனே என்று எனக்குத் துணையாக முல்லைத்தீவுக்கு வந்திருந்தாள். வரும்போது அளவு நாடாவும் கழுத்தில் தொங்கிக்கொண்டு வந்தது. பூவிலிருந்து என் மூக்கு வரைக்கும் நாடாவைப் பிடித்து, "இடுப்பளவு எடுக்கிற மாதிரித்தானடி. இப்ப அமத்து" என்பாள். வெள்ளைப் பூவென்றால் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் எடுப்பாக இருக்கும் என்றதும் அவளுடைய மூளைதான். கறுப்புத் துணி என்று எங்களிடம் இருந்தது அவளுடைய உள்பாவாடை ஒன்று மட்டும்.

அக்காவைப் படம் எடுப்பதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. அவளுக்கு முப்பது கிட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தம் வரும், சாதகம் பொருந்தும், பிறகு படம் போகும். படம் போனதோடு கதை முடியும். பிழை அக்காவில் இல்லை, அந்த ஸ்ரூடியோப் படத்தில்தான். அன்னம் நீந்துகிற குளமும் மாடிப்படியும் கீறிய சீலைக்கு முன்னால் இருத்தி, முகம் முழுக்கப் பவுடர் அப்பி, "நாடியை உயர்த்துங்கோ, சிரிக்காதைங்கோ, மூச்சு விடாதைங்கோ" என்று எடுத்த படம். பல்லுக்குத்தோடு கோட்டில் சாட்சி சொல்ல நிற்கிறவள் போல இருப்பாள். கடைசிச் சம்பந்தமும் திரும்பிய அன்று அக்கா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். "இதில இருக்கிறவளை நானே கட்டமாட்டன். இனி ஒருத்தருக்கு முன்னாலயும் போய்ப் படத்துக்கு இருக்கமாட்டன்."

சொன்னால் சொன்னதுதான். படம் இல்லாமல் பேச்சைத் தொடங்க எந்தத் தரகரும் ஆயத்தமில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துக் கண்ணீர் விட்டார். அக்கா வெளியில் சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். ஆனால் ஊரில் யாருக்காவது கலியாணச் சட்டை தைக்கும்போது மெசினை வழமையை விட வேகமாக மிதிப்பாள்.

பங்குனியில் ஒருநாள் கடற்கரைப் பக்கம் நடந்தபோதுதான் அந்த மரத்தைக் கண்டேன். ஈழத்தலரி. ஒரு இலை இல்லை, கொப்பெல்லாம் வெள்ளைப் பூ. இப்படிப் பூத்து நிற்பதைக் கோயில் வாசல்களில்தான் கண்டிருக்கிறேன். இது நின்றதோ வெள்ளைக்காரரின் பழைய சவக்காலையில். சுண்ணாம்பு பூசிய பெரிய பெரிய கல்லறைகள், தேய்ந்துபோன இங்கிலீசு எழுத்துகள், இடுக்கெல்லாம் நித்தியகல்யாணி. மாமாவின் கலண்டரை இதோடு ஒரு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் போலிருந்தது!

அக்கா படலையிலேயே நின்றுவிட்டாள். "பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, தெரியுந்தானே?"

"இது சுடலை இல்லை அக்கா, சவக்காலை. அதுவும் வெள்ளைக்காரற்ற. அவையின்ர பேய்க்குத் தமிழ் விளங்காது, வா."

"திரும்பிப் போனதும் தலையில தண்ணி வார்த்துப்போட்டுத்தான் சாப்பாடு" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

தாழ்ந்த கொப்பொன்றின் பூங்கொத்துக்கு நாடா பிடித்து அளந்தோம். அக்கா கொத்துக்குப் பின்னால் உள்பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, தானும் அதற்குள் மறைந்துகொண்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறேன், துணி ஆடுகிறது. "ஆட்டாதை அக்கா!" "நான் ஆட்டேல்லையடி." துணி இன்னும் பலமாக ஆடியது. "ஆட்டாதை எண்டெல்லே சொல்லுறன்!" "ஐயோ, நான் இல்லை, ஆரோ பின்னால இழுக்கினம்!" என்ற அக்காவின் குரல் கிறீச்சிட்டது. அடுத்த கணம் துணி அவள் கையை விட்டுப் போய்விட்டது. கல்லறைக்குப் பின்னாலிருந்து வந்த கிடாய் ஒன்று பாவாடை நாடாவைச் சப்பிக்கொண்டு நின்றது. பயத்தில் பின்னால் பார்த்த அக்கா அதைக் கண்டதும் என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தாள். கண் இடுங்க, தலையில் பூக் கொட்ட, அப்படி ஒரு சிரிப்பு. என் விரல் தன்பாட்டில் அமத்திவிட்டது.

படங்கள் கொழும்புக்குப் போய்க் கழுவி வரச் சித்திரை வருசப்பிறப்பும் கடந்துவிட்டது. அந்தப் படத்தை அக்காவிடம் கொடுத்தேன். அவள் யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "இது நானோ?" என்றாள் மெதுவாக. "வேற ஆர்? கிடாயோ?" என்றேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, இரண்டு பேருமாக ஸ்கந்தபுரத்துக்கு வந்தோம். பூப்படங்களை மாமாவுக்கு அனுப்ப எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிட்டு நான் மட்டும் வேலைக்குத் திரும்பினேன்.

அடுத்த வெள்ளி வந்தபோது அம்மாவின் முகத்தில் வெளிச்சம். என்னைக் குசினிக்குள் இழுத்துப்போனார்.

"தரகர் வந்தவர். உன்ர அக்கா கிணத்தடியில நிக்க, அந்தக் கோயில் படத்தைக் குடுத்துவிட்டனான். என்ன வடிவான படமடி!"

"எந்தக் கோயில்?"

"உந்தப் பூமரத்துக்குக் கீழ நிண்டு சிரிக்கிறாளே. பின்னால வெள்ளை மதில். மூலையில நந்தியின்ர கொம்பும் தெரியுது."

எனக்குப் பகீரென்றது. வெள்ளை மதில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கல்லறை. கொம்பு அந்தக் கிடாயுடையது. நாடா அளந்தது பூவுக்குத்தானே, தள்ளி நின்ற கிடாய் கலங்கலாகத்தான் விழுந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அம்மா நிலத்தில் குந்திவிட்டார்.

"சவக்காலையோ! என்ர பிள்ளையின்ர கலியாணப் பேச்சுக்குச் சவக்காலைப் படத்தையோ குடுத்தனான்? பிள்ளையாரே!"

போன இடமும் லேசான இடமில்லை. மாப்பிள்ளை வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருந்தார், தங்கமான மனிதர் என்றார்கள். அவருடைய தாயைப் பற்றித்தான் கதை. மூத்த மருமகள் அவருடைய வாய்க்குப் பயந்து வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாளாம். அந்த மனிசி சகுனம் பார்க்காமல் படலையைத் திறக்காதாம். இதெல்லாம் நாங்கள் கேள்விப்பட்டு முடிக்குமுன்னமே, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"கேட்டால் கோயில் எண்டு சொல்லுவம்" என்றார் அம்மா.

"எனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள் அக்கா.

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது? வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடு."

அக்கா பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள், "இதுவும் தட்டிப்போனால் அம்மா தாங்கமாட்டாவடி." தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் முழுக்கத் தையல் மெசின் ஓடிக்கொண்டே இருந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளை, தாய், ஒரு பெரியம்மா. கதிரைகளில் இருந்தார்கள். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தாள். தாய் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தார்.

"முல்லைத்தீவுப் பக்கத்தில நான் கும்பிடாத கோயில் இல்லை. இது எந்தக் கோயில் எண்டு பிடிபடேல்லை. எண்டாலும் கோயில் படமெண்டு சாமியறையில வைச்சு, ஒவ்வொரு நாளும் விளக்குக் காட்டிக்கொண்டு வாறன். எந்தக் கோயில்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முகட்டைப் பார்த்தார். நான் ஏதாவது ஒரு அம்மன் பெயரைச் சொல்லிவிடுவோம் என்று எழும்பினேன்.

"அது கோயில் இல்லை மாமி" என்றாள் அக்கா. "வெள்ளைக்காரற்ற பழைய சவக்காலை. தங்கச்சி பூவைப் படமெடுக்கப் போனவள், நான் துணைக்குப் போனனான்."

"ஐயோ முருகா!" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். "எழும்புங்கோ போவம்."

தாய் எழும்பவில்லை. படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "அப்ப இந்த நந்தி?"

"அது நந்தி இல்லை மாமி. கிடாய். என்ர பாவாடையைப் பின்னால நிண்டு இழுத்தது. நான் பேயெண்டு நினைச்சுத் திரும்பினால், ஆடு. அதுதான் சிரிச்சனான்."

மாப்பிள்ளை குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. தாய் படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் நான் ஆட்டுக்கோ விளக்குக் காட்டினனான்?"

முதலில் அவருடைய வயிறுதான் ஆடியது. பிறகு தேத்தண்ணிக் கோப்பை ஆடியது. பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெரியம்மா பேயறைந்தது போல அவரைப் பார்த்தார். இந்த மனிசி சிரித்து அவர் கண்டதில்லைப் போலும்.

சிரித்து முடித்ததும் தாய் கண்ணைத் துடைத்தார். அக்காவைக் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். வந்ததிலிருந்து கேட்ட அதட்டல் குரல் இப்போது இல்லை.

"என்ர மூத்த மருமகள் எங்கட வீட்டில ஒருநாளும் வாய்விட்டுச் சிரிச்சதில்லை பிள்ளை. ஊர் என்ன கதைக்குதெண்டு எனக்கும் தெரியும். நீ சவக்காலையில நிண்டே இப்பிடிச் சிரிச்சனீ. என்ர வீட்டில சிரிக்கமாட்டியோ?"

அக்கா அவருடைய கையை விடவில்லை.

"சிரிப்பன் மாமி" என்றாள்.