வண்டி கெடவில்லை

ரயிலடிப் பக்கத்தில் கூரை போட்டிருந்த என் முதல் பட்டறையை நானே கட்டினேன். அது காற்றில் போனதும் ஓட்டுக் கொட்டகை கட்டினேன். கனகம்மாசத்திரம் ரோட்டில் இன்றைக்கும் நிற்கிற பெரிய ஷெட்டைக் கட்டினேன். திருப்பதிக்கும் மெட்ராசுக்கும் ஓடிய லாரிகளில் என் கைபடாத பாடி குறைவு. ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் என்னுடையவை. மலைக்குப் பூ ஏற்றிய வேனும் என்னுடையதுதான். இரண்டாம் வகுப்போடு பலகையைக் கவிழ்த்துவிட்டு வந்தவன் நான். அளவுகோலில் எண்ணைப் படிப்பேன், அதற்கு மேல் தட்டுத்தடுமாறித்தான். இதைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுகிறார். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இத்தனையும் கட்டினேனே, இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று கட்டினேன். யுத்த காலத்தில், ஆணி கிடைக்காத நாளில், மனிதர் படுத்து எழுந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ஊர் ஊராய்ப் போகக்கூடிய ஒரு வண்டி. அதைப்பற்றி ஊரில் பேசுகிறவர்கள் ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள். அது கெட்டுப்போன வண்டியாம்.

அந்த வண்டியைக் கட்டச் சொன்னவர் என் பாவா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. மாலையில் நந்தி ஆற்று மணலில் பந்து உதைப்பார். வெறுங்கால்தான், கணுக்காலில் மட்டும் ஒரு துணி சுற்றியிருப்பார். அவர் ஓடி வந்தால் எதிரில் நிற்கிறவன் காலைப் பார்ப்பதா பந்தைப் பார்ப்பதா என்று திகைத்துவிடுவான். ஆனால் மூட்டை தூக்கித் தூக்கி முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. மழை நாளில் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து, அக்காவுக்குத் தெரியாமல் பிசைந்துகொள்வார். "இன்னும் ஒரு வருசம் ஓடும்டா மச்சான், அதுக்கு மேல இந்தக் கால் நம்ம பேச்சக் கேக்காது" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் ஒரு கோப்பைப் பந்தயம் வந்தது. ஒரே ஊரில் நடக்கிற பந்தயம் இல்லை. முதல் ஆட்டம் வேலூர், அடுத்தது சித்தூர், அதற்கடுத்தது கோலார் தங்கவயல், கடைசி ஆட்டம் பெங்களூர். ஜெயிக்கிறவன் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தங்கவயல் சுரங்கத்தில் நன்றாக ஆடுகிறவனுக்கு வேலையும் குடியிருக்க வீடும் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் ஆள் ஒருவர் வேலூர் ஆட்டத்திலிருந்தே வந்து பார்க்கப்போகிறார் என்று செய்தி வந்தது. பாவாவுக்கு அதற்கப்புறம் தூக்கம் கிடையாது. அக்கா, வேலை கிடைத்தால் முடி இறக்குகிறேன் என்று எங்கள் ஊர் மலைக்கோயிலைப் பார்த்து வேண்டிக்கொண்டாள்.

போவதில்தான் சிக்கல். ரயிலில் எங்கே பார்த்தாலும் சிப்பாய்கள், நமக்கு இடம் இல்லை. பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் தங்குவது. எங்கள் டீமில் எல்லாச் சனமும் உண்டு. கோல்கீப்பர் கறிக்கடை பாய். ஹாஃப் பேக் சேரியிலிருந்து வருகிறவன், அவனைத் தாண்டிப் பந்து போகாது. மற்றவர்களில் நெசவு செய்கிறவனும் இருந்தான், ஏர் ஓட்டுகிறவனும் இருந்தான். அந்தக் காலத்துச் சத்திரத்தில் சிலருக்கு உள்ளே இடம், சிலருக்கு வெளியே, சிலருக்கு வாசல்படியே கிடையாது. ஓட்டலிலும் அப்படித்தான். முந்தின வருஷம் அரக்கோணத்தில் ஆடப்போய், ஜெயித்துவிட்டு, ஒரே ஊரில் நாலு இடத்தில் பிரிந்து படுத்தார்கள். ஹாஃப் பேக் ஒரு புளியமரத்தடியில் படுத்தான். காலையில் பாவா அவனைத் தேடிக்கொண்டு போய் எழுப்பினாராம். அதிலிருந்து ஒரே பிடிவாதம். "ஒரே எடத்துல படுப்போம், ஒரே சட்டியில துன்னுவோம். இல்லன்னா போவ வேணாம். நீ வீடு மாதிரி ஒரு வண்டி கட்டு மச்சான்" என்றார்.

கட்டினேன். எஞ்சின் மட்டும் இருந்து மேல் பாகம் உளுத்துப்போன ஒரு பழைய பஸ் நான் அப்போது கூலிக்கு வேலை பார்த்த பட்டறையில் கிடந்தது. தகரம் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நேராக்கி, ஒன்றோடொன்று மடித்துப் பக்கங்களை மூடினேன். மரம் வேங்கை. சுவரோடு சங்கிலியில் தொங்குகிற பலகைக் கட்டில்கள், பகலில் மடக்கினால் உட்காரப் பெஞ்சு. பின்பக்கம் மணல் பெட்டிமேல் அடுப்பு, வண்டி குலுங்கினாலும் பானை நகராதபடி இரும்பு வளையம். கூரையில் தண்ணீர் டிரம், அதிலிருந்து உள்ளே ஒரு குழாய். பின்னால் கரி கேஸ் பிளான்ட். இதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உருளை மாதிரி ஒரு இரும்பு அடுப்பில் கரியை மூட்டி, விசிறியைக் கையால் சுற்றி ஊதிக்கொண்டே இருந்தால், அதில் வருகிற புகைதான் பெட்ரோலுக்குப் பதில் எஞ்சினை ஓட்டும். நெருப்பு பதத்துக்கு வர நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் வண்டி இருமும். அதை இருமாமல் ஓட்டத் தெரிந்தவன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான்தான். எவனாவது மறுத்தால் இப்போதும் வரட்டும்.

ரோடு பேசியதுதான் அந்த நாட்களின் பெரிய சந்தோஷம். பட்டறைத் தரையில் பாவா கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட்டு நட்டுகள்தான் ஊர்கள். சோளிங்கர், வாலாஜா, வேலூர், சித்தூர். அப்புறம் மொகிலி கணவாய். அங்கே வந்ததும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்.

"கரி வண்டி கணவாய் ஏறுமாடா?" என்பான் ஹாஃப் பேக்.

"ஏறலன்னா இன்னா? டீம் பூரா மாடுங்கதான, எறங்கித் தள்ளுங்க" என்பேன்.

"நான் கோல்கீப்பர் பா, ஒரே எடத்துல நிக்கிறதுதான் என் வேலை. நான் உள்ளயே குந்திகினு வரேன்" என்பார் பாய்.

பாவா சிரிக்கமாட்டார். பெங்களூர் நட்டைக் கையில் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைப்பார். சித்தூர் அப்போது நம் ஜில்லாத் தலைநகர்தான், அதையே அவர் பார்த்ததில்லை. தங்கவயல் போல்ட்டைத் தொடும்போது அக்காவுக்கு அங்கே வீட்டு வாசலில் குழாய் இருக்குமாம் என்பார்.

வேலூர் ஆட்டம் ஆடிக் கிருத்திகை அன்று சாயங்காலம் என்று விழுந்தது. முந்தின நாளே போய்விடலாம் என்றுதான் பாவா கணக்குப் போட்டிருந்தார். முந்தின நாள் பரணி. அக்கா மட்டுமில்லை, டீமில் இருந்த அத்தனை பேர் வீட்டுப் பொம்பளைகளும் ஒரே குரலில் வந்து நின்றார்கள். "பரணில புது வண்டிய எடுத்தா வெளங்குமா? கிருத்திகை விடியட்டும். மலையடியில வண்டிய நிறுத்தி, ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கி, அந்தாண்டயே கெளம்பிடுங்க. இந்த ஊர்ல பொறந்துட்டு சாமிக்குக் காட்டாம வண்டி எடுப்பீங்களா?" சரி என்றோம். கிருத்திகைக் கூட்டம் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்ததால்தான் துணிந்தோம். கூட்டம் எங்கிருந்து வரும், எந்தச் சந்து எப்போது அடையும் எல்லாம் நமக்கு அத்துப்படி, கூட்டம் சேர்வதற்குள் நழுவிவிடலாம் என்று நினைத்தோம். வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். பயந்து ஒதுங்கியிருப்பான்.

கிழக்கு வெளுக்கும்போது மலையடியில் வண்டி நின்றது. மாலை போட்டு, குங்குமம் தடவி, பழத்தின்மேல் முன்சக்கரத்தை ஏற்றினேன். அக்கா தேங்காய் உடைத்தாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறும் கூட்டத்தோடு போனாள். நான் கேஸ் பிளான்டில் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நெருப்பு பதமாக வந்தது. ஹாண்டில் போட்டதும் முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. இதைக் கவனித்துக் கேளுங்கள். முதல் சுற்றிலேயே.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன், ரோட்டைக் காணோம். நாங்கள் பூஜை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஆந்திரப் பக்கத்து மாட்டு வண்டிகள் வந்து முன்னும் பின்னும் நின்றுவிட்டன. நுகத்தடி தரையில் ஊன்றியிருக்கிறது, மாடுகளை எங்கோ ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டார்கள், வண்டிக்காரன் காவடி எடுத்து மலை ஏறிவிட்டான். தரிசனம் முடிந்து அவன் இறங்கினால்தான் அந்த வண்டி நகரும். கையால் தள்ளி ஒதுக்கலாம் என்று பாவா இறங்கினார். ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் தூளி கட்டி ஒரு பிள்ளை தூங்குகிறது. நடுவில் இருந்த கொஞ்சம் இடத்திலும் காவடிகள் வந்துகொண்டே இருந்தன. ஆரன் அடிக்கிற ரப்பர் பந்தின்மேல் கை வைத்தேன். எனக்கு நேர் எதிரில் நாக்கில் வேல் குத்திக்கொண்ட ஒருவர் கண் செருகி ஆடிக்கொண்டிருந்தார். பாவா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வாணாம்டா" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கரி தீரும் என்று நானே அதை அணைத்தேன்.

வெயில் ஏறியது. பாய் டீமுக்காக அடுப்பில் சோறு வடித்து வைத்திருந்தார். மலையிலிருந்து விரதம் முடித்து இறங்கியவர்கள் பார்த்தார்கள். மாலை போட்ட வண்டி, உள்ளே அடுப்பு, அரிசி மூட்டை, தண்ணீர்க் குழாய். கிருத்திகை நாளில் மலையடியில் இப்படி ஒன்று நின்றால் யாரோ புண்ணியவான் அன்னதானம் செய்கிறான் என்றுதானே அர்த்தம்? ஒரு கிழவி பித்தளைக் கிண்ணத்தை நீட்டினாள். "அன்னம் பெட்டு நாயனா" என்று தெலுங்கில் சோறு கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை வளைந்துவிட்டது.

பாய் கரண்டியோடு நின்று பாவாவைப் பார்த்தார். "இது பெங்களூர் வரைக்கும் வச்ச அரிசி பா. அதுவும் நான் போடலாமா இவங்களுக்கு?"

பாவா கூட்டத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "போடு பாய். இங்க குந்திகினு இன்னா பண்ணப் போறோம்" என்றார்.

நாங்கள் போட்டோம். மயங்கி விழுந்த ஒரு கர்ப்பிணியை நான் செய்த கட்டிலில் படுக்கவைத்தோம். பாவா நடுநடுவே வண்டிக் கூரைமேல் ஏறி, டிரம்முக்குப் பக்கத்தில் நின்று வேலூர் ரோட்டைப் பார்ப்பார், இறங்குவார், மறுபடி ஏறுவார். கடைசியில் ஏறுவதையும் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணுக்காலில் சுற்றிய துணியை அவிழ்த்தார். பிறகு அதைத் திரும்பவும் சுற்றிக்கொண்டார்.  எனக்கு இரும்பு வளைக்கத் தெரியும், மரம் இழைக்கத் தெரியும். அந்தக் கூட்டத்தை ஒரு அடி நகர்த்த எனக்குத் தெரியவில்லை.

வழி கிடைத்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் ஓட்டிய ஓட்டம் அந்த ரோடு அதுவரை பார்க்காத ஓட்டம். சோளிங்கரிலும் நிற்கவில்லை, வாலாஜாவிலும் நிற்கவில்லை. வேலூர் மைதானத்தில் நாங்கள் இறங்கியபோது கொடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வராத டீம் என்று எதிர் டீமுக்கு வெற்றி கொடுத்தாகிவிட்டது. சுரங்கத்து ஆள் காத்திருந்து பார்த்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாராம். பந்தயக் காரியதரிசி பாவாவைப் பார்த்து, "இன்னாய்யா, கிருத்திகைன்னு சாமி கும்பிட்டுகினு நின்னுட்டீங்களா?" என்றார்.

பாவா தலை குனிந்து சொன்னார். "இல்லீங்க. வண்டி மக்கர் பண்ணிடுச்சுங்க. வழியில நின்னுபோச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கை என் தோள்மேல் விழுந்தது, அழுத்தியது. அழுக்கும் கரியுமாக நான் பக்கத்தில் நிற்கிறேன். பார்க்கிறவன் நம்பாமல் என்ன செய்வான்?

திரும்பும் வழியில் எல்லாரையும் ஒருமுறை பார்த்துச் சொன்னார். "ஊர்லயும் இதான் சொல்லணும். எவனும் வாய் தொறக்கக் கூடாது." எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏன் பாவா, என் வண்டி இன்னா பண்ணுச்சு?" என்றேன்.  "சாமியக் குத்தம் சொல்லச் சொல்றியா? உங்க அக்காவச் சொல்லச் சொல்றியா? அவளுக்குத் தெரிஞ்சா செத்துடுவாடா. வண்டிக்கு வாயில்ல, தாங்கிக்கும்" என்றார். வண்டிக்கு வாயில்லைதான். எனக்கு இருந்தது.

அக்கா இரவு வரை மலைமேல் வரிசையில் நின்றவள். நாங்கள் விடியலிலேயே கிளம்பிவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தெரியும். மலையடியில் எங்களிடம் சோறு வாங்கித் தின்றவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். பத்திரமாகத் திரும்பி வந்தார்களே என்று அந்த வருஷமே முடி இறக்கினாள். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பட்டறை வாசலில் வந்து நின்று என்னிடம் கேட்டாள்: "உங்க பாவா வாழ்க்கைடா அது. வண்டிய ஒழுங்கா கட்டியிருக்கக் கூடாதா?" கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அழுதுகொண்டு கேட்டாள். நான் சுத்தியலை எடுத்து, ஏற்கெனவே நேராக இருந்த தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். பாவா அடுத்த வருஷம் ஆடவில்லை, முழங்கால் விடவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கித்தான் கடைசி வரை சாப்பிட்டார். எனக்குப் பட்டறையில் வேலை கொடுக்க வருகிறவன், "வேலூர் தாண்டுமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் கொடுப்பான். அதையும் தாங்கித்தான் மேலே வந்தேன்.

பாவா போய் வெகுகாலம் ஆகிறது. பாயும் ஹாஃப் பேக்கும் இல்லை. போன தை மாதம் அக்காவும் போய்விட்டாள். அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "நீ இன்னா பண்ணுவ, பாவம், அப்ப உனக்குத் தொழில் புதுசு" என்று என்னை மன்னித்தாள். நான் தலையாட்டினேன். இனி காப்பாற்ற வேண்டிய ஆள் யாரும் மீதி இல்லை. ஊர்ப் பந்தாட்டக் குழுவுக்கு விழா மலர் போடுகிறார்களாம். அந்த வருஷத்துக்கு நேராக "வாகனப் பழுதால் கலந்துகொள்ள இயலவில்லை" என்று அச்சடிக்கப் போகிறார்களாம். பிள்ளைகள் வந்து படித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். மலர் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த வரியை எடுங்கள். பாவா பெயரை எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள், அவர் அதற்குத் தக்கவர். அதற்குக் கீழே என் பெயரையும் போடுங்கள். வண்டி கட்டியவன் என்று போடுங்கள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது என்று போடுங்கள்.