இடமிருந்து இரண்டாவது ஆள்

பத்தாம் வகுப்பில் எங்களில் இருபது பேரைத் தனியாகப் பிரித்து, சாயங்காலம் சிறப்பு வகுப்பு வைத்தார்கள். எங்களுக்கு ஒரு பட்டமும் உண்டு: மெல்லக் கற்போர். யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, வருகைப் பதிவேட்டின் அட்டையில் மட்டும் எழுதியிருக்கும். அது அட்டையோடு நின்றவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒருநாள் கேமராவோடு ஒருத்தர் வந்தார். பள்ளிக்கு வெப்சைட் ஆரம்பிக்கிறார்களாம். என் பெஞ்சுக்காரன் மெதுவாக எழுந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பையன். அப்பாவுக்குச் சேலை வியாபாரம். வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கூச்சப்படுவான். நான் விடுவேனா?

"வா மாப்ள, அமெரிக்காக்காரன் ஒன் மூஞ்சியப் பார்க்க வேணாமா?"

"வேணாம்டா, விடுறா."

"ஒக்காருறா, ஹீரோ கணக்கா இருந்துக்கிட்டு!"

இழுத்து வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

ஒரு மாசம் கழித்துக் கோரிப்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு ஏழெட்டுப் பேராகப் போனோம். அவனும் வந்தான். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முடி தெரிந்தது, அப்புறம் நெற்றி.

"நம்ம கணக்காவே மெல்லமா வருதுடா" என்றேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

படம் முடிந்து அடியில் எழுத்து வந்தது. எங்கள் பட்டத்தை இங்கிலீஷில் போட்டிருந்தார்கள்: ஸ்லோ லேர்னர்ஸ். அதை மட்டும் எல்லோரும் வேகமாகவே வாசித்துவிட்டோம். கீழே இடமிருந்து வலமாக எங்கள் பேர், அப்பா பேர், காலாண்டுக் கணக்கு மார்க். நான் பதினொன்று. இடமிருந்து இரண்டாவது ஆளான அவன் நாலு. அரையாண்டு மார்க்குக்கென்று பக்கத்திலேயே ஒரு காலிக் கட்டம். எங்கள் முன்னேற்றத்தை உலகத்துக்குக் காட்டப் போகிறார்களாம்!

திரும்பிப் பார்த்தேன். அவன் போய்விட்டிருந்தான்.

எவனோ அதைப் பிரிண்ட் எடுத்து அவன் தெருக் குழாயடியில் ஒட்டிவிட்டான். சின்னப் பிள்ளைகள்கூட அவனை "ஏய் நாலு" என்று கூப்பிட்டன. பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அரசுத் தேர்வுக்கு ரெண்டே மாசம் இருந்தது. வீட்டுக்குப் போனேன். "தல வலிக்குதாம் தம்பி" என்று அவன் அம்மா வாசலிலேயே சொன்னார். உள்ளே அவர்கள் பாஷையில் ஏதோ சண்டை. எனக்கு விளங்கவில்லை. நடுநடுவே எங்கள் பள்ளிக்கூடத்தின் பேர் வந்தது, அது விளங்கியது.

மறுநாள் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன்.

"சார், அந்தப் பக்கத்த எடுத்துருங்க சார். அவன் ஸ்கூலுக்கே வரமாட்டேங்கிறான்."

"ஸ்கூல் ஒங்களுக்கு எம்புட்டு செய்யுதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமாடா?"

"அதுக்கு எங்க மார்க்கு எதுக்கு சார்? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"ஒங்கப்பா கையெழுத்துப் போட்டுருக்காருல்ல!"

கிளார்க்கை விட்டு என் சேர்க்கைப் பாரத்தை எடுத்துக் காட்டினார். பள்ளியின் விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு வரி, கீழே அப்பாவின் கையெழுத்து. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. கிளார்க் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு "இங்க, இங்க, இங்க" என்றார். அப்பா ஒன்றையும் வாசிக்காமல் போட்டுவிட்டு, "சரியா இருக்காங்க?" என்று பயந்து கேட்டார். அது ஆறாம் வகுப்பில். அப்போது வெப்சைட் என்ற வார்த்தையே எங்கள் தெருவுக்கு வரவில்லை.

"இதுல மார்க்கப் போடுவோம்னு எங்க சார் இருக்கு?"

"நீ என்ன வக்கீலாடா?"

"சரி சார், நீங்க காலேஜ்ல கணக்குல எம்புட்டு? அதையும் பக்கத்துலயே போட்டுருவோம்."

அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். அப்பா வந்து கையைக் கட்டிக்கொண்டு, "புத்தியில்லாத பய சார், மன்னிச்சிருங்க" என்றார். என் மார்க்கை உலகத்துக்குக் காட்டினவரிடம் என் அப்பா மன்னிப்புக் கேட்கிறார்! இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

நான் தேர்வு எழுதிக் கணக்கில் ஃபெயிலானேன். அத்தோடு படிப்பு முடிந்தது. அவன் எழுதவே வரவில்லை. அவனுடைய ஹால் டிக்கெட் பள்ளி அலுவலகத்திலேயே கிடந்தது.

போன மாசம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் இருக்கிறது. அரையாண்டு மார்க்குக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது. எங்கள் முன்னேற்றத்தில் அவர்களுக்கு அம்புட்டு அக்கறை. படம் இப்போது ஒரே நொடியில் வந்துவிடுகிறது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அவன் தலையைக் குனிந்திருக்கிறான். எழுந்து ஓடிவிடாதபடி அவன் மணிக்கட்டை என் கை இறுக்கிப் பிடித்திருக்கிறது.