ஃப்ளோரன்ஸ் கே. என்னும் பெரிய கம்பெனி

மெல்பர்னில் என் மகள் யாழினி படிக்கும் பள்ளி வாசலில், ஒரு குளிர்காலக் காலையில், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களை நோக்கிக் கைதட்டிக்கொண்டே ஓடிவந்தார். யாழினி போட்டிருந்த நீல ஜெர்கினைக் காட்டி, "ஐயோ, இது எங்கள் ஃப்ளோரன்ஸோடது!" என்றார். அந்த ஜெர்கினை முந்தின சனிக்கிழமைதான் ஆப் ஷாப்பில் நாலு டாலருக்கு வாங்கியிருந்தேன். ஆப் ஷாப் என்றால், ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத துணியையும் சாமானையும் துவைத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுக்க, அதை விற்று வரும் பணத்தைத் தருமத்துக்குச் செலவழிக்கும் கடை. திருட்டுப் பட்டம் வரப்போகிறது என்று நினைத்து, "பில் வீட்டில் இருக்கிறது மேடம்" என்று இங்கிலீஷில் உளறிக்கொண்டே மகளின் ஜிப்பைப் பிடித்து இறக்க ஆரம்பித்துவிட்டேன். அந்தம்மா பதறிப்போய் அதை ஏற்றினார். நான் இறக்க, அவர் ஏற்ற, நடுவில் யாழினி சூட்கேஸ் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கடைசியில்தான் புரிந்தது. அவர் சந்தோஷத்தில் கூவியிருக்கிறார். தன் மகளுக்குச் சின்னதாகிப்போன உடுப்பு இன்னொரு பிள்ளையின் மேல் பள்ளிக்கூடத்துக்கு வருவது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு, என்னுடைய வண்டியைப் போல மூன்று மடங்கு பெரிய காரில் ஏறிப் போனார்.

சென்னைப் புறநகர்ப் பட்டாபிராமில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைக் கற்பனை செய்துபார்க்கச் சொல்வேன். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வீட்டுக்காரி உங்களைப் பார்த்து, "இது எம் பொண்ணு போட்டு கழிச்ச சுடிதாராச்சே" என்று கூவினால் என்ன நடக்கும்? அடுத்த பொங்கல் வரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. மெல்பர்னிலோ, வங்கி மேலாளரின் மனைவி தன் கோட்டைத் தொட்டுக்காட்டி, "ஆறு டாலர்! ஆப் ஷாப்!" என்று பெருமை அடித்துக்கொள்கிறார். முதன்முதலில் ஒருவர் அப்படிச் சொன்னபோது, பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்து, என் மனைவியின் பழைய ஸ்வெட்டரைக் கொடுக்கட்டுமா என்று மென்மையாக விசாரித்தவன் நான். என் மனைவி அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை எந்த விருந்துக்கும் அழைத்துப் போகவில்லை.

எனக்கு அந்தப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. கஞ்சத்தனத்துக்கு மரியாதை தரும் தேசம் கிடைத்தால் விடுவேனா? அதோடு, அது எனக்குப் புதிதும் இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா தான் வேலை பார்த்த ராணுவ உடுப்பு ஃபேக்டரியில் வாங்கி வரும் காக்கித் துணிதான் என் பள்ளிக்கூடப் பேண்ட். கால்மடிப்பை வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து இறக்குவார்கள். பழைய மடிப்பின் தடம் கணுக்கால் பக்கம் கோடு கோடாக நிற்கும். அதை எண்ணியே நான் எத்தனாவது படிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். மேலே வெள்ளைச் சட்டை. அது என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா போட்டுக் கழித்தது. பெண் பிள்ளைகள் சட்டை என்பதால் பட்டன் எதிர்ப்பக்கம் இருக்கும். ஏழாவதில் ஒருத்தன் அதைக் கண்டுபிடித்து வகுப்பைக் கூட்டிவிட்டான். "டேய், இது சிங்கப்பூர் சட்டைடா, அங்கே பட்டன் இப்படித்தான் வெப்பாங்க" என்றேன். நம்பிவிட்டார்கள். இரண்டு பேர் சிங்கப்பூரில் மாமா இருக்கிறாரா என்று விசாரித்தார்கள். இருக்கிறார் என்றேன். அந்த வருஷம் முழுக்க இல்லாத மாமாவின் செல்லப் பிள்ளையாக வாழ்ந்தேன். அக்காவுக்கு இது தெரியும். ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

போன டிசம்பர் லீவுக்கு நானும் யாழினியும் பட்டாபிராம் போனோம். அக்கா கல்யாணமாகி அங்கேதான் இருக்கிறாள். அவள் கணவர் சேகர் மாமாவுக்கு முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் பூர்வீகம். தாத்தா காலத்தில் நெல் போட்ட நிலத்தில் இப்போது மற்றவர்களின் அபார்ட்மெண்ட் விளைந்திருக்கிறது. மாமா தினமும் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு லேத் வேலைக்குப் போகிறார். மகள் நிவேதா ஒன்பதாவது படிக்கிறாள். என்னைப் பார்த்தால் தோளில் தொங்குகிற பிள்ளை. இந்த முறை வந்த காலோடு அவள் பார்த்தது என்னை இல்லை. விமானத்துக் குளிருக்கு யாழினி போட்டு வந்து நாற்காலியில் கழற்றிப் போட்ட நீல ஜெர்கினை. எடுத்ததும் காலரைத் திருப்பினாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இப்போது இது பரவியிருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்துவிடுகிறார்கள்.

மெல்பர்னில் பிள்ளைகளின் துணி பள்ளியில் தொலையாமல் இருக்க, பெயர் அச்சடித்த சின்ன நாடா கிடைக்கும். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் காலருக்குள் ஒட்டிக்கொள்ளும். பெயர் பக்கத்தில் பிள்ளைக்குப் பிடித்த படமும் போட்டுத் தருவார்கள். இந்த ஜெர்கினில் கம்பெனி லேபிள் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த நாடாதான். ஃப்ளோரன்ஸ் கே., பக்கத்தில் ஒரு குட்டித் திமிங்கிலம்.

"மாமா, ஃப்ளோரன்ஸ் கே. இன்னா பிராண்டு மாமா? கேள்வியே பட்டதில்ல. திமிங்கிலம்தான் லோகோவா?"

யாழினி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். "அங்க ரொம்பப் பெரிய கம்பெனிம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கியவன், பெற்ற மகளுக்கு யாரோ போட்ட துணியை மாட்டி அழைத்து வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? நாலு டாலரை வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நெஞ்சை நிமிர்த்துகிற ஆள்தான், ஆனால் அந்த நெஞ்சு சென்னை விமான நிலையத்தில் என்னோடு இறங்கவில்லை போலிருக்கிறது.

"எவ்ளோடா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"நம்ம காசுக்கு ஒம்பதாயிரம் வரும்க்கா."

சேகர் மாமாவுக்கு டீ புரையேறியது. "ஒம்போதாயிரமா! மச்சான், அந்தக் காசுக்கு நான் மார்க்கெட்ல ஊட்டுக்கே ஜெர்கின் தெச்சு மாட்டுவனே."

சிரித்தோம். நிவேதா சிரிக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று ஜெர்கினைப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. டியூஷனுக்கு ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். ஆவடியில் டியூஷன் சென்டர், ஏசி போட்ட வகுப்பு. போட்டுக்கொண்டு போகட்டும், வெயிலில் யாழினிக்கு அது எதற்கு?

பிறகு அக்கா சொல்லித்தான் மற்றது தெரிந்தது. அந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் மார்பிலும் பிராண்டின் அடையாளமாக ஏதாவது ஒரு மிருகம் இருக்க வேண்டுமாம். போன மாதம் தோழியின் பிறந்தநாளுக்கு மாலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பீரோ நிறையத் துணியை வைத்துக்கொண்டு, "போட்டுக்கினு போறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று நிவேதா போகாமலே இருந்துவிட்டாள். "அழுதா கூடப் பரவால்லடா. தலைவலின்னு சொல்லிட்டுப் படுத்துக்கிச்சு. அதான் எனக்குத் தாங்கல" என்றாள் அக்கா. அவள் இத்தனை வருஷமாக அசையாமல் நின்றவள். பிராண்டும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று, ஆவடி மார்க்கெட்டில் துணி எடுத்துத் தானே தைத்துப் போடுகிறவள்.

மாலையில் பால் வாங்க நானும் யாழினியும் ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். "அப்பா, ஃப்ளோரன்ஸ் கம்பெனி இல்லையே. எனக்கு ஒரு கிளாஸ் மேலே படிக்கிறா. நெட்பால் சூப்பரா ஆடுவா" என்றாள். தெரியும் என்றேன். "ஆப் ஷாப் நல்ல விஷயம்னு நீதானே சொன்னே? நல்ல விஷயத்துக்கு எதுக்குப் பொய்?" நான் பால் பாக்கெட்டில் தேதி பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன்.

இரண்டே நாளில் கம்பெனி வளர்ந்துவிட்டது. டியூஷன் பெண்கள் ஃப்ளோரன்ஸ் கே.யை நெட்டில் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. அதனால் சந்தேகப்பட்டார்களா? இல்லை. "நெட்லயே இல்லன்னா எவ்ளோ பெரிய எடம்டி அது!" என்று மரியாதை கூடிவிட்டது. நிவேதா லேபிளைப் படமெடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டாள். சிங்கப்பூர் மாமாவை உருவாக்கிய எனக்கே இந்த வேகம் புதிது.

மூன்றாம் நாள் காலை அக்கா என் எதிரே உட்கார்ந்து பணம் வைத்த ஒரு கவரை நீட்டினாள். "ஊருக்குப் போனதும் நிவேதா அளவுக்கு அந்தக் கம்பெனில ஒண்ணு வாங்கி அனுப்புடா. பாப்பாவோடத கழட்டி வெச்சிக்கறது நல்லா இல்ல. கண்ணாடி மாத்தறதுக்கு எடுத்து வெச்சது. கண்ணாடி இப்ப இன்னா அவசரம்?" அப்போது அவள் மூக்கில் இருந்த கண்ணாடியின் ஒரு காது நூல் சுற்றிக் கட்டியிருந்தது. நான் வந்த நாளாய் அவள் பேப்பரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, அதனோடு சண்டை போடுவது போலப் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கவனிக்கவில்லை.

கவரைத் தொடவே கை வரவில்லை. "அக்கா, அப்படி ஒரு கம்பெனியே கிடையாது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு டாலர், நாடா, ஃப்ளோரன்ஸ், நெட்பால் வரைக்கும்.

அக்கா முகம் மாறியது. "அடப்பாவி, செத்தவங்க துணியாடா கொழந்த மேல போட்ட?"

"செத்தவங்க துணி இல்லக்கா. வளந்தவங்க துணி."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு எஞ் சட்டையப் போட்டுக்கினு சிங்கப்பூர் சட்டைன்னு புளுகினவன்தான நீ! இன்னாடா திருந்தியிருப்ப? அப்பவும் அது வளந்தவ துணிதானடா!"

"அதான பாத்தேன்" என்றார் சேகர் மாமா. "மச்சான் கையிலேர்ந்து ஒம்போதாயிரம் வந்துச்சுன்ன உடனே எனக்கு டவுட்டுதான்."

எங்கள் பின்னால் வாசற்படியில் நிவேதா நின்றுகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டாள். "நீங்க சிரிங்க மாமா. நான் இன்னிக்கி கிளாஸுக்கு எப்படிப் போறது? எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீறேன்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மன்னிப்புக் கேட்டேன். ஏழாவது படித்த என்னிடம் யாராவது அப்படி உண்மையை உடைத்திருந்தால் நானும் கதவைத் திறந்திருக்க மாட்டேன். யாழினி என்னை நகரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு மணி நேரம். ஃப்ளோரன்ஸ் எப்படி இருப்பாள், பள்ளி வாசலில் அப்பா எப்படி ஜிப்பை இறக்கினார் என்று அவள் நடித்துக் காட்டியிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பு என்னைப் பற்றியதுதான். அதைவிடச் சந்தோஷமாக நான் கேலிக்கு ஆளானதில்லை.

வெளியே வந்த நிவேதா, யாழினி தனக்கே கொடுத்துவிட்ட ஜெர்கினில், நாடாவுக்குக் கீழே மார்க்கர் பேனாவால் யாழினியின் பெயரை அவளையே எழுதச் சொல்லி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஒரு குட்டி ரயில் வரைந்தாள். அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள்: "பிராண்ட் இல்ல. ஃப்ளோரன்ஸ்னு ஒரு பொண்ணு. இப்ப என்னோடது." எல்லாம் உடனே பூவாக மலர்ந்துவிட்டது என்று சொன்னால் அது என் மூன்றாவது சிங்கப்பூர் சட்டை ஆகிவிடும். ஒருத்தி "சீ, செகண்ட் ஹாண்டா" என்று எழுதினாள். நிவேதா அன்றைக்கு வயிறு வலிக்கிற முகத்தோடுதான் டியூஷனுக்குப் போனாள். ஆனால் போனாள், ஜெர்கினைப் போட்டுக்கொண்டே. அடுத்த வாரம் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் தன் அக்காவின் பழைய டாப்ஸைப் போட்டு வந்து, காலரைத் திருப்பிக் காட்டினாளாம். உள்ளே அக்கா பெயரும் அவள் பெயரும்.

அக்காவை நானே கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். புதுக் கண்ணாடியை மாட்டியதும் முதலில் என் தலையைத்தான் பார்த்தாள். "இன்னாடா இவ்ளோ நரைச்சிட்ச்சி உனக்கு? பழைய கண்ணாடிலயே நல்லா இருந்தியே."

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா என் பெட்டியில் ஒரு சட்டையைத் திணித்தாள். கட்டம் போட்ட நல்ல சட்டை. சேகர் மாமாவுக்கு வயிறு வளர்ந்துவிட்டதாம். "இவரும் வளந்தவர்தான், எடுத்துக்கினு போ" என்றாள். மாமா வயிற்றைத் தட்டிக்காட்டி அதை உறுதி செய்தார்.

இப்போது மெல்பர்னில் வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சட்டையைத்தான் ஆபீஸுக்குப் போட்டுப் போகிறேன். போன வாரம் பக்கத்து மேசைக்காரர் என் பின்பக்கமாக வந்தவர், மடங்கிக் கிடந்த காலரைச் சரிசெய்யும்போது உள்ளே தையற்காரர் வைத்துத் தைத்த துணி லேபிளைப் பார்த்துவிட்டார். தமிழெழுத்து. கடையின் பெயர் துவைத்துத் துவைத்து அழிந்துவிட்டது. கீழே பட்டாபிராம் மட்டும் மிச்சம். "அழகாக இருக்கிறதே, எந்த பிராண்ட்?" என்றார். வாய் வழக்கம்போலத் திறந்தது. மூடிக்கொண்டு, ஒரு மூச்சு விட்டுச் சொன்னேன்: "என் அக்கா கணவருடையது. அவருக்குச் சின்னதாகிவிட்டது." அவர் முகம் மலர்ந்து, தன் ஷூவைத் தூக்கிக் காட்டி, மூன்று டாலர் என்றார்.

சட்டை தோளில் சரியாக இருக்கிறது. கைதான் ஒரு விரல் நீளம், மடித்துவிட்டுக்கொள்கிறேன். காலையில் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைத் திருப்பும்போதெல்லாம் பின்கழுத்தில் அந்த லேபிள் லேசாகக் குத்துகிறது. கத்தரித்துவிடட்டுமா என்று மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.