கண்ணாடிப் பல்லில் தெரிந்த நாலாவது குழாய்

அடுத்தவர் வாய்க்குள் இருட்டில் துழாவிப் பிழைப்பதுதான் பல் டாக்டர் தொழில். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உள்ளே கம்பியோடு நிற்பவனுக்கும் அதே கலக்கம்தான் என்பதை, எண்பதுகளில் ஏற்காட்டில் ஒற்றை அறை கிளினிக் வைத்திருந்த நான் சொல்கிறேன்.

மூன்றும் அடைத்தாயிற்று

ரோஸ்லின் டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். இடது பக்கம் மென்று தின்ன அவருக்கு மிச்சமிருந்தது மேல்வரிசையில் ஒரே கடைவாய்ப்பல். அதற்கு ரூட் கெனால் செய்தேன். மூன்று வேர், வேருக்கு ஒரு நரம்புக் குழாய். மூன்றையும் சுத்தம் செய்து அடைத்தேன். எக்ஸ்ரேயைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு.

ஒரே வாரத்தில் டீச்சர் அதே வலியோடு திரும்பி வந்தார். எக்ஸ்ரே வெறும் தட்டை நிழல். ஒரு குழாயின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தால் காட்டாது. பல்லைச் சுற்றிவந்து பார்த்தால் தெரியும். வாயில் இருக்கும் பல்லை எப்படிச் சுற்றுவது? கிறிஸ்துமஸ் லீவு முடியும் வரை அவகாசம் கேட்டேன்.

"மூணு வழியும் சரின்னா விடை தப்பா வராதுங்க டாக்டர். லீவு முடியறதுக்குள்ள கண்டுபுடிங்க, இல்லாட்டிப் புடுங்கிருங்க."

மாதிரிக்குப் பல்

சென்னையில் இருந்த நண்பன் ஒரு வழி எழுதியிருந்தான். பிடுங்கிய பல்லின் குழாய்க்குள் கருப்பு மை ஏற்றி, ஆசிடில் சில நாள் ஊறவைத்து, ஸ்பிரிட்டில் ஈரம் போக்கி, வின்டர்கிரீன் தைலத்தில் போட்டால் பல் கண்ணாடி ஆகிவிடுமாம். உள்ளே மை போன பாதையை எந்தப் பக்கம் திருப்பியும் பார்க்கலாம். ஆனால் பல்? என்னிடம் பிடுங்கிக்கொண்டவர்கள் அதைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

மஞ்சக்குட்டை எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம், வேர் உடையாத கடைவாய்ப்பல் கிடைத்தால் தேவலை என்று புலம்பிவைத்தேன். மறுவாரம் பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம். அத்தனையும் மாட்டுப் பல்!

"மனுசப் பல்லு நொம்பப் பொடுசுங்க, உங்க கண்ணு நோவும். இதுல உள்ள இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுமுங்க."

தைல வாசம்

கிளியூர் ராமாயி காப்பி பறிக்கிறவர். வீங்கிய கன்னத்தோடு வந்து, "புடுங்கிருங்க" என்றார். டீச்சருடையதைப் போலவே மேல் கடைவாய்ப்பல். பிடுங்கினேன். வேர் உடையாமல் வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிவைத்தேன்.

மை, ஆசிட், ஸ்பிரிட் எல்லாம் முடிந்து தைலப் புட்டியில் இறங்கியது பல். கிளினிக் முழுக்கத் தலைவலித் தைல வாசம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். வாயைத் திறக்கச் சொன்னேன், திறக்கவில்லை.

"பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. மண்டையிடிக்கு அந்தத் தைலத்துல ஒரு சொட்டுப் போட்டுடுங்க."

சுற்றிப் பார்த்தேன்

புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினேன். கன்னத்துப் பக்கம் முன்னால் இருந்த வேரில், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கருப்புக் கோடு! பின்னால் இருந்தது மயிரிழை கனம். மூன்று வேர், நாலு குழாய். மறுநாளே டீச்சர் பல்லைத் திறந்து அதே இடத்தில் தேடினேன். மெல்லிய கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. அதையும் சுத்தம் செய்து அடைத்தேன்.

லீவு முடிந்த அன்று டீச்சர் இடது பக்கமே கடலையை மென்றுகொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து ராமாயியும் தன் பல்லைக் கேட்டு வந்தார். பெருமையாகப் புட்டியைக் காட்டி, இதை வைத்துத்தான் டீச்சர் பல்லைக் காப்பாற்றினேன் என்றேன். ராமாயி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பல்லில் இருந்தது பெரிய சொத்தை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிடுங்கச் சொன்னது அவர்தான். காப்பாற்றலாமா என்று நான் கேட்கவே இல்லை. ராமாயி புட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரு, டீச்சரம்மாளுக்குப் பண்ணுனத எனக்குப் பண்ணியிருந்தா, இது என்ற வாயிலயே இருந்திருக்குமுங்களா?"

அன்றிலிருந்து எந்தக் கடைவாய்ப்பல்லிலும் நாலாவது குழாயைத் தேடுகிறேன். அதற்கு முன்னால் 'புடுங்கத்தான் வேணுமா?' என்று இரண்டு தடவை கேட்கிறேன், ஒரு தடவை வந்தவரிடம், ஒரு தடவை என்னிடம்.