காற்றில் நின்ற ஈரம்

அண்ணன் கடைசியாக என்னிடம் போனில் பேசியது பருத்திக் காட்டிலிருந்துதான். "சட்டையப் பிழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும் தாயி. வானத்துலருந்துதான் சொட்டு விழ மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

எங்களுக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் பரளச்சி. அண்ணன் மழையை நம்பி மானாவாரியில் பருத்தி போடுபவர். நான் சென்னையில் வானிலை ஆய்வில் இருக்கிறேன். கடலிலிருந்து காற்று எவ்வளவு ஈரத்தைச் சுமந்து வருகிறது, எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. ஒரு வருடம் வங்கக் கடலின் ஈரம் நேராக எங்கள் கரிசலுக்கு வரும். மறு வருடம் காற்று வடக்கே திரும்பிவிடும், எங்களுக்குப் புழுதிதான். புரட்டாசி பிறந்தால் அண்ணன் போன் செய்வார்: "இந்த வருசம் நம்ம பக்கம் வாருதா?" டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். அவ்வளவு பெருமை.

அந்த வருடம் ஈரம் வந்தது. நான் பார்த்திராத அளவுக்கு வந்தது. ஆனால் அதை மேலே தூக்கிக் குளிரவைத்து மழையாக்க வானத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் உப்பு கசிந்தது, கொடியில் துணி காயவில்லை. மழைக்கு முந்தி விதைத்துவிட வேண்டுமென்று அண்ணன் உச்சி வெயிலிலும் காட்டில் நின்றார்.

அவர் பேசிய அன்று மத்தியானமே மதினி அழைத்தார். அண்ணனை ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தார்கள். "உடம்பு அனலாக் கொதிக்குது தாயி. வேர்வையே காய மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே விதைச்சாக. இப்பக் கூப்பிட்டாப் பேச மாட்டேங்குறாக."

டவுனுக்குள் நுழையும் முன்பே அண்ணன் போய்விட்டார்.

வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்று முழுக்க ஈரமாக இருந்தால் அது காயாது. மழையாக விழுந்திருந்தால் அவரை வாழவைத்திருக்கும் அதே ஈரம். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அன்று பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எனக்கே எதுவும் விளங்கவில்லை.

கருமாதி முடிந்த வாரம் மழை பிடித்தது. அவர் ஊன்றிய விதை பழுதில்லாமல் முளைத்தது. காட்டைக் குத்தகைக்கு விடச் சொன்ன சொந்தக்காரர்களிடம் மதினி, "அவுக கை வச்ச வெதை. களைய நாந்தான் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

களையெடுக்கப் போன அன்று விடியலில் நானும் கூடப் போனேன். மதினி குனிந்தவர் நிமிரவில்லை. வெயில் ஏறி முதுகில் சேலை ஒட்டத் தொடங்கியதும், "போதும் மதினி, வரப்புக்கு வாங்க" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். அந்த வரிசையில் செடிகள் பாதியில் நின்றுபோயிருந்தன. அதற்கு அப்பால் வெறும் கரிசல். அண்ணன் விழுந்த இடம் அது.

அண்ணனை எடுத்த அன்றைக்குக்கூட அழாத மதினி, கடைசிச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.