நாக்கில் பூசிய சாயம்

ஊராருக்குக் காட்டவென்று முருங்கைத் தண்டைச் சவர அலகால் மெல்லிசாய்ச் சீவிவிட்டேன். ஆனால் சாயமேற்றாமல், பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியில்கூடத் தண்டுக்குள் எதுவும் தெரியவில்லை. போரால் கொழும்பிலிருந்து சாயமும் வரவில்லை. நாளைக்குச் சீவல் அழுகிவிடும்.

வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தும் சாயந்தானே என்று, எங்கள் ஊர் சரவணையிலிருந்து ஆஸ்பத்திரித் தாதியிடம் பதறிப்போய் ஓடினேன். "வாய்ப்புண் மிஸ்ஸி. அந்த ஊதா மருந்தில கொஞ்சம் தாங்கோ."

போத்தலைத் தராமல், நாக்கிலேயே பூசிவிட்டார்.

விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். சீவலில் துப்பினேன். நுணுக்குக்காட்டியில், தண்டில் நீர் ஏறும் குழாய்கள் ஊதா நிறத்தில் வட்டவட்டமாய்த் தெரிந்தன.

நுணுக்குக்காட்டியோடு திரும்பிப்போய் மிஸ்ஸியிடம் உண்மையைச் சொன்னேன்.

குனிந்து பார்த்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. "புண்ணில்லையெண்டு அப்பவே தெரியும் அண்ணை. பொய்க்கும் நாக்கிலதான் மருந்து பூசவேணும்" என்றபடி போத்தலை நீட்டினார்.

பிறகு பொய்யில்லாமல் நூறு சீவல்களுக்குச் சாயமேற்றிவிட்டேன். ஆனாலும், எச்சிலில் ஊறிய அந்த முதல் சீவலைத்தான் ஊராருக்குப் பெருமையாய்க் காட்டுகிறேன்.