சூடு பிடிக்காத வீட்டுக்கு வந்த ஷண்முகப்ரியா

முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு ஒரு வியாதி வரும். தப்பு எப்போதும் அடுத்தவன் நோட்டில்தான் இருக்கும் என்று நம்புவான். எனக்கு அது நன்றாக முற்றியிருந்தது. அதற்கு மருந்து கொடுத்த ஷண்முகப்ரியாவைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நன்றிக்கடன்தான், வேறென்ன.

அவள் தேவாலாக்காரி. அப்பா அம்மா இருவரும் எஸ்டேட் தொழிலாளர்கள். பன்னிரண்டாவது முடித்ததும் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பில் சேர்ந்தாள். "ஊட்டிக்கே ஐஸ் விக்கப் போறியா?" என்று எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் சிரித்தார்களாம். பத்து வருஷம் ஹோட்டல் ஃப்ரிட்ஜ்களோடு மல்லுக்கட்டினாள். பிறகு மலைக்கு ஹீட் பம்ப் வந்தது. பார்க்க ஏசி மாதிரியே இருக்கும், ஆனால் வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி அறைக்குள் கொண்டுவரும். அதைத் தெரிந்தவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இப்போது ஊட்டி காந்தலில் வீடு எடுத்து, ஸ்கூட்டரில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றுகிறாள்.

கேத்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவள் வந்த காரணம் என் மனைவி செலஸ்டின். அவளும் டீச்சராக இருந்தவள். நுரையீரல் பழுதாகிவிட்டது. கரி அடுப்பு மூட்டிக் குளிர்காயக் கூடாது, அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் மகன் டெனின் நவம்பரில் ஹீட் பம்ப் வாங்கி மாட்டிவிட்டு கோயமுத்தூர் திரும்பினான். டிசம்பரில் பனி இறங்கியதும் ராத்திரியெல்லாம் என் தெர்மாமீட்டரில் அறை பதின்மூன்றுக்குப் போய்விட்டது. பயப்படுவாளென்று செலஸ்டினிடம் அந்த எண்களை நான் காட்டியதே இல்லை.

"பொங்கலுக்குள்ள சரியாகலேன்னா அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துடறேன்" என்றான் டெனின் ஃபோனில். செலஸ்டின் உடனே சரியென்றாள். சர்ச் பாடகர் குழுவை விட்டு ஒரு வாரம் இருக்கமாட்டாதவள், மறுநாளே புடவைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

முதல் தடவை வந்த ஷண்முகப்ரியா ரிமோட்டைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள். சீக்கிரம் சூடாகட்டும் என்று நான் முப்பதில் வைத்திருந்தேன். அறை சூடானதும் அணைத்துவிடுவேன்.

"முப்பதுல வெச்சா சீக்கிரம் சூடாகாதுங்க சார், கரண்டுதான் வீணாப் போகும். இருபத்திரெண்டுல வெச்சுட்டு அப்படியே விட்டுருங்க. சூடு மேல ஏறிப் போயிரும், அதனால காத்து கீழ பாத்து வரட்டும்."

இன்னொன்றும் இருந்தது. நடுவில் இயந்திரம் நின்றுபோய், தோட்டப் பக்கம் வைத்திருந்த வெளிப்பெட்டியிலிருந்து புகை மாதிரி வரும். தீப்பிடித்துவிட்டதென்று நான் மெயினை அணைத்துவிடுவேன்.

"அது புகை இல்லீங்க சார், ஆவி. மேல படிஞ்ச பனிய அதுவே உருக்கிக்குது. பத்து நிமிசம் பொறுத்தீங்கன்னா தானா ஓடும்."

அன்று பகலெல்லாம் அறை இதமாக இருந்தது. ராத்திரி மறுபடியும் பதினான்கு.

இரண்டாவது தடவை வந்து ஃபில்டர், கேஸ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை என்றாள். "ஐடிஐயில எத்தன மார்க் வாங்குன?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்தது. கருவிகளைப் பைக்குள் வைத்தாள்.

"கொழப்பமில்ல சார்" என்றாள் தேவாலா வழக்கப்படி, பரவாயில்லை என்கிற அர்த்தத்தில். "ஒரு நோட்டு போடுங்க. மணிக்கு ஒருக்கா அறைச் சூட்ட எழுதி வைங்க."

எழுதினேன். கோடு போட்டு, கட்டம் கட்டி, நாலு நாள். சனிக்கிழமை மதியம் வந்து அதை நிதானமாகப் படித்தாள்.

"நோட்டு அருமையா இருக்குங்க சார். தெனமும் சாயங்காலம் ஆறுக்கு மேல எறங்குது, காலைல ஏழுக்கு மேல ஏறுது. ஆறு மணிக்கு என்னங்க பண்றீங்க?"

"தேயிலக் கன்னுங்களுக்குத் தாகை போடுவேன்."

இங்கே எல்லோரும் செய்வதுதான். உறைபனியில் கன்று கருகாமலிருக்க, சாயங்காலம் தாகை என்ற காட்டுச்செடியின் தழையை வெட்டி மூடி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுவோம்.

"அப்புறம்?"

"அப்படியே வெளிய இருக்குற அந்த மிஷினுக்கும் தழையப் போட்டு, மேல சாக்கச் சுத்திக் கட்டிடுவேன்" என்றேன், மெடல் வாங்கப் போகிறவன் மாதிரி.

அவள் சிரிக்கவில்லை. வெளிப்பெட்டிக்குப் போய், தகடுகளுக்கு நடுவில் சிக்கியிருந்த தாகைத் துணுக்கை இழுத்து எடுத்தாள்.

"காத்து போனாத்தானுங்க சார் அது சூட்ட எடுக்கும். மூச்சு முட்டிக் கெடந்திருக்கு."

எனக்கு உடம்பு கூசியது. காலையில் நானே அவிழ்த்து வைத்துவிடுவேன், அவள் பகலில் வந்து பார்ப்பாள். குறை எப்படிக் கண்ணில் படும்? உள்ளே செலஸ்டின் இருமுவது கேட்டது. ஷண்முகப்ரியா என் முகத்தைப் பார்த்தாள். சர்வீஸ் கார்டில் பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் 'கடும் உறைபனி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு மூடாதீங்க" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக் கிளம்பினாள். நான் மார்க் கேட்ட பெண், என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனாள்.

அன்று விடியும்வரை இருபத்தொன்று.

மறுநாள், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு காலை, டெனின் காரோடு வந்தான். அறையின் கதகதப்பில் ஸ்வெட்டரைக் கழற்றினான். கார்டைப் படித்ததும் முகம் மாறியது.

"பனிதான் காரணம்னா எப்படிப்பா? நாளைக்கும் பனி விழும், அடுத்த வருஷமும் விழும். ஒரு நாள் நல்லா ஓடுனத நம்பி அம்மாவ விட முடியுமா?"

பெட்டியைத் தூக்கினான். செலஸ்டின் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் என் மரியாதை மிஞ்சும், அவள் போய்விடுவாள்.

"பெட்டியக் கீழ வைடா. பனி இல்ல. நான்தான்."

தழை, சாக்கு, கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் எனக்காகப் பொய் எழுதியதையும் சொன்னேன். டெனின் பெட்டியைக் கீழே வைத்தான். செலஸ்டின் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ அறைதான் குளுந்துச்சா?" என்றாள். "புது மிஷின்ல கொறை இருக்காது, என் ஒடம்புதான் குளுந்துட்டே போகுதுன்னு நெனச்சேங்க. அந்தப் புள்ளயும் கொறை இல்லேன்னு சொன்னதும் முடிவே பண்ணிட்டேன். நான் இங்கயே செத்துப்போனா நீங்க தனியாப் பாத்துத் தவிப்பீங்களேன்னுதான் கோயமுத்தூருக்குக் கெளம்புனேன்."

கல்யாணமான நாற்பத்தொரு வருஷத்தில் நான் அவள் முன்னால் அழுதது அன்றைக்குத்தான்.